ஓடிக்கொண்டே இருந்த உதாரணம்

கீழ்த்தளத்து மீட்டர் பெட்டியிலிருந்து கருகிய வாடை வருவது காலையில்தான் தெரிந்தது. மதியத்துக்குள் மொத்தக் கட்டடத்துக்கும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பழைய கம்பிகளை உருவப்போவதாக எலக்ட்ரீஷியன் வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சொல்லிக்கொண்டே மேலே ஏறினார். மற்ற வீடுகளில் எல்லாம் சரி என்று தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாம் மாடியில் மட்டும் ஒரு பெண்ணிடம் மாட்டிக்கொண்டார்.

"எந்தக் கம்பி கருகியிருக்கு?"

"மெயின் கம்பிதாங்க."

"ஏன் கருகுச்சு?"

"பழசு. தாங்கல."

"எப்ப திரும்ப வரும்?"

"நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும். அக்கா, நான் கம்பி மாத்த வந்திருக்கேன், பரீட்சை எழுத வரல."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவருக்குச் சிரிப்பில் புரையேறியது. அவர் பஸ் ஓட்டுநர். மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "பாவம், புது ஆளு. விட்டுடும்மா" என்றார்.

அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் கேள்வியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் வந்த கதை சின்னதுதான். துணி துவைக்கும் இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனியில், வாடிக்கையாளர்களின் போனுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருந்தாள். 'புத்தகத்துல போட்ட மாதிரியே செஞ்சேங்க, வீடெல்லாம் தண்ணி' என்று அழாத குறையாகப் பேசுகிறவர்களின் அழைப்பைப் 'பயனர் தவறு' என்று குறிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் அவள் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்தாள். தண்ணீரைத் திறந்துவிடு என்று ஒரு பக்கத்தில் இருந்தது. குழாயை இறுக்கிப் பொருத்து என்று அதற்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. அன்று முதல் அந்த அழைப்புகளை எல்லாம் 'புத்தகத் தவறு' என்று குறித்தாள். மேலாளர் கூப்பிட்டு மிரட்டியபோது புத்தகத்தை அவர் மேஜையில் பிரித்து வைத்து, "நீங்களே படிச்சுப் படிச்சு மாட்டிக் காட்டுங்க சார்" என்றாள். அவர் மாட்டிக் காட்டவில்லை. வேலைதான் போயிற்று.

அதன் பிறகு வீட்டில் இருந்தபோது கணவருக்குச் சர்க்கரை நோய் முற்றி இன்சுலினில் வந்து நின்றது. மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். பிரிட்ஜோ வயதானது. ஒருமுறை யாருக்கும் தெரியாமல் நின்றுபோய் மருந்து கெட்டது. தெரியாமல் அதையே போட்டுக்கொண்டவர் பஸ் டிப்போவில் மயங்கி விழுந்தார். அப்போதுதான் அவள் இணையத்தில் ஒரு மென்பொருள் நிரலைத் தேடிப் பிடித்தாள். ஒரு சின்ன உணர்கருவியை பிரிட்ஜுக்குள் போட்டுவிட்டால், சூடு ஏறும்போது போனுக்குத் தகவல் அனுப்பும். யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். நிரல் அருமையாக இருந்தது. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் விளக்கப் பக்கம், தெரிந்தவன் தெரிந்தவனுக்கு எழுதிய கடிதம் மாதிரி இருந்தது. அவள் கேள்வி மேல் கேள்வியாக எழுதி அனுப்பினாள். அதை உருவாக்கிய, வேறொரு ஊரில் இருந்த இளைஞன், "அக்கா, என் உயிரை எடுக்கறதுக்கு நீங்களே எழுதிடுங்களேன்" என்று பதில் போட்டான். எழுதினாள். அவனுக்கு முதலாளி என்று பெயர் வைத்தாள். சம்பளம் தராதவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்றாள்.

புரியாததை அப்படியே ஓத வைப்பது அவளுக்கு ஆகவே ஆகாது. மந்திரம் என்றாலும் சரி, நிரல் என்றாலும் சரி. ஒருவனுக்கு அர்த்தம் சொல்லாமல் வரியை மட்டும் கொடுப்பவன், அவனைக் கடைசிவரை தன் வாசலில் நிற்கவைக்கப் பார்க்கிறான் என்பாள். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் எழுதி முடித்ததும், நிரல் என்றால் என்னவென்றே தெரியாத யாரையாவது கணினி முன்னால் உட்காரவைப்பாள். அவள் பின்னால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். கை நீட்டிக் காட்டக் கூடாது. வாய் திறக்கக் கூடாது. அவர்கள் எங்கே திணறுகிறார்களோ அந்த வரி தப்பு. திணறியவர் தப்பில்லை.

இன்னொரு விதியும் வைத்திருந்தாள். ஓடாத உதாரணம் பக்கத்தில் ஏறாது. எடுத்து ஒட்டினால் அந்த நிமிடமே வேலை செய்ய வேண்டும். அதற்காகத் தன் பிரிட்ஜையே உதாரணம் ஆக்கினாள். உணர்கருவி அனுப்பும் தகவலை வாங்கி, சூடு ஏறினால் போனுக்குச் செய்தி அனுப்புவதற்கு ஒரு சின்னப் பெட்டி. அது பிரிட்ஜின் தலையில் உட்கார்ந்திருந்தது. தகவல் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எண்ணாக, வீட்டு இணைய இணைப்பின் எண்ணைத்தான் உதாரணத்தில் போட்டிருந்தாள். பக்கத்தின் கடைசியில் தெளிவாக எழுதியும் இருந்தாள்: இந்த எண்ணை எடுத்துவிட்டு உங்கள் பெட்டியின் எண்ணைப் போடுங்கள்.

எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டுப் போனதும் இன்சுலினைக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய பிளாஸ்க்கில் வைத்துவிட்டு, மின்சாரம் போவதற்கு முன் பெட்டியை முறையாக அணைத்துவிடலாம் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பெட்டியின் பச்சை விளக்கு நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டு உணர்கருவி சூடு மாறும்போது மட்டும்தான், எப்போதாவது ஒருமுறை, பேசும். இது இடைவிடாமல் துடித்தது.

"ஏங்க, இது எப்போல இருந்து இப்படி மினுக்குது?"

"ரொம்ப நாளாவே அப்படித்தான். உயிரோட இருக்குன்னு நினைச்சேன்."

கணினியைத் திறந்து பெட்டிக்குள் பார்த்தாள். தெரியாத இடங்களிலிருந்து எல்லாம் தகவல்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் பெயர் ஒன்றுதான்: சமையலறை. அவள் உதாரணத்தில் தன் பிரிட்ஜுக்கு வைத்த பெயர். எண்ணை மாற்றவில்லை, பெயரைக்கூட மாற்றவில்லை. எடுத்தார்கள், ஒட்டினார்கள், ஓடியது. ஓடியதால் அதற்குக் கீழே யாரும் படிக்கவில்லை. போன் எண்ணை மட்டும் எல்லோரும் ஒழுங்காகத் தங்களுடையதாக மாற்றியிருந்தார்கள். அதனால் அவள் பெட்டியிலிருந்தே அவரவர் போனுக்கு எச்சரிக்கை போய்க்கொண்டிருந்தது.

முதலாளிக்குப் போன் போட்டாள். நடந்ததையும் மின்சாரம் போகப்போவதையும் சொன்னதும் அவன் கொட்டாவி விட்டான்.

"படிக்காம ஒட்டினது அவங்க தப்புக்கா. கடைசியில தெளிவா இருக்கே. நீங்கதானே எழுதினீங்க."

"அதைக் கடைசியில கொண்டுபோய்ப் போட்டதும் நான்தான் தம்பி."

"இப்ப என்ன பண்ணணும்? பெட்டியைத் தூக்கிட்டுப் போய் வேற வீட்டுல வைங்க."

"பெட்டியைத் தூக்கலாம். எண்ணைத் தூக்க முடியாது. அது இந்த வீட்டு இணைப்போட எண்ணு. மின்சாரம் போனா எல்லாருக்கும் சேர்த்துப் போயிடும்."

"போகட்டுமே. எச்சரிக்கை வரலன்னா அவங்களே வந்து பார்ப்பாங்க."

"எச்சரிக்கை வரலன்னா யாருடா வந்து பார்ப்பாங்க?" என்றாள். அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. "எச்சரிக்கை வரலன்னா எல்லாம் நல்லா இருக்குன்னுதானே நினைப்பாங்க."



கணவர் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தார். வரிசையில் ஒன்றைக் காட்டி, "இது மருந்து" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"மத்ததெல்லாம் நீ பயந்து இறுக்கிப் போட்ட மூணுலேருந்து ஏழு டிகிரிதான். இவன் மட்டும் ரெண்டுலேருந்து எட்டுன்னு மாத்தியிருக்கான். என் இன்சுலின் டப்பாவுல அதுதான் போட்டிருக்கு, தினமும் பார்க்கிறேனே."

அந்த வரிசையில் நேற்று மதியத்திலிருந்து பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று என்று ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி ஒழுங்காகத் தன் வேலையைச் செய்திருந்தது. எச்சரிக்கைச் செய்திகள் ஒரே போன் எண்ணுக்குத் திரும்பத் திரும்பப் போயிருந்தன. அந்த எண்ணை அழைத்தாள். கரகரத்த குரல் ஒன்று எடுத்தது. அந்தக் கருவியை வைத்தது நீங்களா என்று கேட்டாள்.

"ஆமாம்மா, ஒரு கிளினிக்ல டெக்னீஷியனா இருந்தப்ப நான்தான் போட்டேன். உங்க பக்கத்தைப் பார்த்துத்தான் போட்டேன், ரொம்பத் தெளிவா இருந்துச்சு. ஆனா இப்ப நான் அங்க இல்ல. கான்ட்ராக்ட் முடிஞ்சதுன்னு அனுப்பிட்டாங்க."

"அப்ப இந்தச் செய்தியெல்லாம்?"

"எனக்குத்தான் வருது. நேத்துலேருந்து ஒவ்வொரு தடவையும் போன் போட்டுச் சொல்றேன். காலையிலயும் சொன்னேன். ஆபீஸ்ல என்ன சொன்னாங்க தெரியுமா? நீ இங்க வேலையில இல்ல, இதுல தலையிடாதே. பிரிட்ஜ் கதவுல நாலுன்னு காட்டுது, எங்களுக்குக் கண்ணு இருக்குன்னாங்க."

"அதுல என்ன மருந்து இருக்குண்ணா?"

"குழந்தைங்க தடுப்பூசி. இன்னைக்கு ஊசி போடற நாளு. உங்க செய்தி நின்னிருந்தா, சரி பண்ணிட்டாங்கன்னு நிம்மதியா இருந்திருப்பேன்."

கெட்டுப்போன பாலைக் குடித்தால் வயிறு சொல்லிவிடும். கெட்டுப்போன தடுப்பூசி எதுவும் சொல்லாது. குழந்தை அழும், தாய் சமாதானம் செய்வாள், அட்டையில் முத்திரை விழும், நோய் வரும் நாள்வரை எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். ஒரு மனிதனை வேலையை விட்டு அனுப்பியவர்கள் அவன் சொல்லும் உண்மையையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள்.

"அண்ணா, அந்தக் கிளினிக் நம்பரைக் கொடுங்க. நீங்க கிளம்பி அங்க போங்க."

"உள்ள விட மாட்டாங்கம்மா."

"வாசல்லயாவது நில்லுங்க."

கிளினிக்கில் போனை எடுத்தது ஒரு நர்ஸ். பின்னால் குழந்தைகள் அழும் சத்தம்.

"சிஸ்டர், ஊசி போட ஆரம்பிச்சாச்சா?"

"இனிமேதான். நீங்க யாரு?"

யார் என்று சொல்வது? கேள்வியக்காவிடம் அந்தக் கேள்விக்குத்தான் பதில் இல்லை. "உங்க பிரிட்ஜுக்குள்ள இருக்கிற கருவியோட விளக்கப் பக்கத்தை எழுதினவ" என்றாள். அவளுக்கே அது கேலியாகக் கேட்டது. "உங்க பிரிட்ஜ் நேத்துலேருந்து சரியாக் குளிரல. எனக்குப் பன்னிரண்டு டிகிரி காட்டுது."

"இங்க நாலு காட்டுது மேடம். கண்ணால பார்க்கிறேன். அந்த டெக்னீஷியன் சொல்லச் சொன்னாரா? அவரு வேலை போன கோபத்துல நேத்துலேருந்து ஓயாம போன் பண்றாரு."

வாசலில் எலக்ட்ரீஷியன் வந்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. "அக்கா, புகை வருது. நேரம் பார்க்க முடியாது, இப்பவே இறக்கணும்."

"கொஞ்சம் பொறுங்க."

"அப்ப நீங்க ஏன்னு கேட்டீங்க, நான் சொன்னேன். நீங்க ஏன்னு சொல்லுங்க, பொறுக்கறேன்."

"குழந்தைங்க ஊசி" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் இறங்கிப் போற வரைக்கும்தான்" என்று படியை நோக்கித் திரும்பினார். கணவர் சட்டென்று அவர் பின்னால் போய், "அண்ணே, மெதுவா இறங்குவோம், எனக்கு முட்டி வலி" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு முட்டியில் ஒரு வலியும் கிடையாது.

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் அவள் கற்றது ஒன்றுதான்: மற்றவரை நம்பு என்று சொல்லாதே; அவரே பார்க்கும்படி செய்.

"சிஸ்டர், என்னை நம்பாதீங்க. அந்த அண்ணனையும் நம்பாதீங்க. பிரிட்ஜ் கதவை முழுசாத் திறந்து வைங்க."

"ஏன்?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு அந்த முகம் தெரியாத பெண்ணைப் பிடித்துப்போயிற்று. "உள்ள கொஞ்சமாவது குளிர் மிச்சம் இருந்தா, கதவைத் திறந்ததும் அந்த நாலு ஏறணும். உள்ள வெள்ளையா ஒரு சின்னக் கருவி இருக்கும், வயர் தொங்கும். அதை உள்ளங்கையில இறுக்கிப் பிடிச்சுக்கங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைக்கும் சத்தம். திரையில் பன்னிரண்டு. யாரோ ஒரு தாய், "இன்னும் எவ்வளவு நேரங்க" என்று கேட்பது போனில் கேட்டது. பன்னிரண்டு. பதினைந்து. இருபது. உடம்பின் சூடு எங்கிருந்தோ வந்து அவள் திரையில் ஏறிக்கொண்டிருந்தது.

"கையில பிடிச்சிருக்கீங்க சிஸ்டர். இருபத்தஞ்சு ஆயிடுச்சு. இப்ப விடுங்க."

"விட்டுட்டேன்."

"இறங்குது. இருபத்து மூணு. இப்ப கதவுல இருக்கிறதைப் பாருங்க."

குழந்தைகளின் அழுகை மட்டும்.

"கதவு அகலத் திறந்திருக்கு மேடம்" என்றது நர்ஸின் குரல். இப்போது அது வேறு குரலாக இருந்தது. "இன்னும் நாலுதான் காட்டுது."

"மோட்டார் சத்தம் கேக்குதா?"

"இல்ல." பிறகு, "நேத்தும் கேட்ட ஞாபகம் இல்ல. டாக்டர் திட்டுவாரு மேடம். இத்தனை பேரை உட்கார வச்சுட்டு இல்லைன்னு சொன்னா..."

"அவர் திட்டினா கதவைத் திறந்து வச்சு நாலைக் காட்டுங்க. மருந்தைத் தூக்கிப் போட வேண்டாம், தனியா எடுத்து வைங்க, பெரியவங்க பார்த்து முடிவு பண்ணட்டும். இன்னைக்கு ஒரு குழந்தைக்கும் அதுலேருந்து போடாதீங்க."

நர்ஸ் பதில் சொல்வதற்குள் திரை அணைந்தது. பிரிட்ஜின் உறுமல் நின்றது. மேலே பச்சை விளக்கு ஒருமுறை துடித்து இருண்டது. கையிலிருந்த போன் மட்டும் உயிரோடு இருந்தது. அதில் நர்ஸ் வேறு யாரிடமோ உரக்கச் சொல்வது கேட்டது: "இன்னைக்கு ஊசி கிடையாது. எல்லாரும் கொஞ்சம் உட்காருங்க, நான் காரணம் சொல்றேன்."

காரணம் சொல்கிறேன். அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

மற்றச் சமையலறைகள் மிச்சம் இருந்தன. திரை அணைவதற்கு முன்பே எல்லோருடைய போன் எண்ணையும் கணவரின் கைபேசிக்கு அனுப்பியிருந்தாள். இருவருமாக ஒவ்வொருவரையும் அழைத்து விஷயத்தைச் சொன்னார்கள். ஒருவர் ஜூஸ் கடை. ஒருவர் பூக்கடை. ஒருவர், "என் வீட்டு பிரிட்ஜ் விஷயம் உனக்கு எப்படித் தெரியும், போலீஸ்ல சொல்வேன்" என்றார். நியாயமான கேள்வி என்று அவள் ஒத்துக்கொண்டாள். கணவர் அன்று ஷிப்டுக்கு லேட்டாகப் போனார். "இனிமே நீ ஓட்டற உதாரணத்துக்கு எல்லாம் நான் லீவு போட முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் சாயங்காலம் மின்சாரம் வந்தது. பெட்டி விழித்துக்கொண்டது. இரண்டிலிருந்து எட்டு என்று போட்டிருந்த வரிசையிலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை. மாற்றிவிட்டார்களா, பிடுங்கிப் போட்டுவிட்டார்களா? மௌனத்துக்கு ஒரே முகம்தான். போன் போட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

"அண்ணனை நான்தான் வாசல்ல போய்க் கூட்டிட்டு வந்தேன் மேடம்" என்றாள் நர்ஸ். "எங்க கம்ப்யூட்டருக்கே எச்சரிக்கை வர்ற மாதிரி மாத்திட்டாரு. வேற பிரிட்ஜ் வந்துடுச்சு. புது மருந்தும் வருது."

"அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கிட்டாங்களா?"

"ஒரு நாளைக்கு மட்டும்" என்றாள் நர்ஸ், தன் குற்றம்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு.

கேள்வியக்கா போனை வைத்துவிட்டு விளக்கப் பக்கத்தைத் திறந்தாள். உதாரணத்திலிருந்த தன் வீட்டு எண்ணை அழித்தாள். அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். 'சமையலறை'யையும் அழித்தாள். இனி அதை எடுத்து ஒட்டினால் ஓடாது. முதலாளி அன்றே போனில் வந்தான்.

"அக்கா, முதல் தடவையே ஓடலன்னா ஜனங்க விட்டுட்டுப் போயிடுவாங்க. ஓடாத உதாரணம் பக்கத்துல ஏறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன். தப்பு. ஓடாம நிக்க வேண்டிய இடத்துல நிக்கணும். ஆனா ஊமையா நிக்கக் கூடாது. ஏன் நிக்கறேன்னு வாய் திறந்து சொல்லணும். அந்த வாயை நான் எழுதறேன், நீ நிரல்ல வை."

"யாரு இதைப் படிப்பாங்க?"

"ஓடலன்னா படிப்பாங்க. ஓடினாத்தான் யாரும் படிக்கறதில்ல. அதான் பார்த்துட்டோமே."

அவன் விடாமல் வாதாடினான். பயன்படுத்துகிறவர்கள் குறைவார்கள் என்றான். குறையட்டும் என்றாள். கடைசியில், "சரி, சோதிச்சுப் பார்ப்போம். நானும் பார்க்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன்" என்றான்.

விடுமுறை நாளில் கணவரைக் கணினி முன்னால் உட்காரவைத்தாள். தான் பின்னால் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மேஜையில் சாத்திவைத்த போனில் முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தான். கணவர் உதாரணத்தை எடுத்தார், ஒட்டினார், கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் தட்டினார். எல்லோரையும் போலத்தான்.

ஓடவில்லை. திரையில் எழுத்து வந்தது. அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'இந்த எச்சரிக்கை அடித்தால் கேட்கப்போகிறவர் யார்? அவருடைய பெட்டியின் எண்ணை மேலே உள்ள காலி இடத்தில் எழுதுங்கள். அதுவரை ஓட மாட்டேன். கேட்க ஆள் இல்லாமல் ஓடினால், எல்லாம் சரியாக இருப்பதுபோல் உங்களுக்குத் தோன்றிவிடும்.'"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அவர் மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு இன்சுலின் இருந்த பிரிட்ஜின் பக்கம் தலையைத் திருப்பி, அதன் மேலிருந்த பெட்டியின் முன்புறம் அவள் ஒட்டிவைத்திருந்த எண்ணை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு இலக்கமாகத் தட்ட ஆரம்பித்தார்.